கரண்ட் பில்லைத் தின்னும் போர் மோட்டார்

பில் ஏறினால் ஏசியையும் ஃபிரிட்ஜையும்தான் எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள். பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டாரைத்தானுங்க.

1000 லிட்டர் தண்ணீரை 800 அடி தூக்க, நஷ்டமே இல்லாவிட்டாலும் 0.66 யூனிட் வேண்டும். மோட்டார், பம்பு, குழாய் மூன்றிலும் வீணாவதைச் சேர்த்தால் ஏறக்குறைய 2 யூனிட். தினம் 1000 லிட்டர் எடுத்தால் இரண்டு மாத ரீடிங்கில் 120 யூனிட் இதற்கே போய்விடும். மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்பது இங்கே கணக்கில்லை; ஓடும்போது தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. சித்திரையில் அந்த மட்டம் இறங்கிவிடும்; பில் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். இன்வெர்ட்டர் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள். மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டரிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருந்து, நிமிடத்துக்கு 80 முறை மினுக்கினால், 80 × 60 ÷ 3200 = மணிக்கு 1.5 யூனிட். 1000 லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 1000 லிட்டருக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று தெரியும்.

தண்ணீர் மட்டம் இறங்காமலே நிரம்பும் நேரம் கூடினால் கோளாறு உள்ளேதான். மோட்டார் ஓடும்போது போர் வாயில் காது வைத்துக் கேளுங்கள். தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தால் குழாய் மூட்டு விட்டிருக்கிறது. மேலே ஏறிய தண்ணீர் திரும்பப் போருக்குள்ளேயே விழுகிறது. சுவிட்ச் போட்டு வெகுநேரம் கழித்துத்தான் தொட்டியில் தண்ணீர் விழுகிறதென்றால் ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத நான்-ரிட்டர்ன் வால்வைச் சந்தேகப்படலாம். மணல் வரும் போரில் இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கும். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பச் சிரமப்பட்டால் கண்டென்சரைப் பாருங்கள். மாற்றும்போது அதே மைக்ரோபாரட் அளவில் போடவேண்டும். மெயினை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், எலக்ட்ரீசியனை வைத்தே மாற்றுங்கள்.

போருக்குள் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்குச் செலவு இன்னும் கூடுதல். காற்றை அழுத்தும்போதே பெரும்பகுதி சூடாக வீணாகிறது. தண்ணீர் மிகக் குறைவாக ஊறும் போருக்கு அதுதான் வழி. நல்ல ஊற்று இருந்தால், தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு மாறுவதே சரி.

தொட்டி நிரம்பி வழிவதும் சின்ன விஷயமில்லை. 1.5 எச்.பி. மோட்டார் தினம் 10 நிமிடம் வீணாக ஓடினால் இரண்டு மாதத்தில் 16 யூனிட் போல ஆகும். தண்ணீர் மட்டம் பார்த்துத் தானாக அணைக்கும் கருவி ஒன்று மாட்டுங்கள். போர் வற்றினால் நிறுத்தும் வசதியும் அதில் இருக்கட்டும்.

இடமிருந்தால் தரைக்கடியில் ஒரு சம்ப்பு கட்டி, குழாய்த் தண்ணீரையும் மழைத்தண்ணீரையும் அதில் விடுங்கள். அங்கிருந்து 30 அடி மேலே ஏற்ற அரை எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ளது) போதும். 1000 லிட்டருக்குக் கால் யூனிட்கூட ஆகாது.