அப்பாவின் இரண்டாவது தும்மல்

எல்.ஐ.சி. மெட்ரோ ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் ஏறி, அண்ணா சாலை வெயிலுக்குள் தலையை நீட்டியதும் எனக்குத் தும்மல் வரும். ஒன்று, இரண்டு, சில நாள் மூன்று. சளி இல்லை, தூசி அலர்ஜியும் இல்லை, கீழே ஏசியில் இருக்கும்வரை மூக்கு சும்மாதான் இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு பக்கத்தில் வருகிறவர்கள் சட்டென்று ஒதுங்குகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, தும்மினால் கிளம்பும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத மேகம் ஏழெட்டு மீட்டர் வரைகூடப் போகும் என்று படம்பிடித்தே காட்டிவிட்டார்களே.

அப்பாவுக்கும் இதே கதைதான். மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக் குடித்தனம், எங்களுடையது கடைசிப் போர்ஷன். வாசலுக்கு வர நீளமான ஒரு நடை, அதில் பகலிலும் லைட் போட்டால்தான் ஆயிற்று. அந்த இருட்டில் நடந்து வந்து வாசப்படியில் கால் வைத்தால் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அப்பா சரியாக அங்கேதான் தும்முவார். யாராவது கிளம்பும்போது தும்மல் கேட்டால் ஆகாது என்பார்கள், ஆனால் எங்கள் வீட்டிலோ கிளம்புகிறவர் யாராக இருந்தாலும் அப்பா வாசல்வரை வந்துதான் வழியனுப்புவார். அப்புறம் என்ன ஆகும்?

பாட்டி பித்தளைச் சொம்போடு தயாராக இருப்பாள். “உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ.” அதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒற்றைத் தும்மல் தடை, இரட்டையாக வந்தால் காரியம் ஜெயம். அதனால் முதல் தும்மல் விழுந்ததும் பாட்டி ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டு அப்பாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. நாங்கள் தும்மினால் “நூறு”, அடுத்ததற்கு “இருநூறு” என்று ஆயுசை ஏற்றிக்கொண்டே போவாள்.

அத்தை பேங்க் இன்டர்வியூவுக்குக் கிளம்பிய அன்றும் அப்பா தும்மினார். அத்தை திரும்பிப் பார்த்த பார்வையில் பயந்துபோய், கிளம்பி வந்த இரண்டாவது தும்மலை மூக்கைப் பிடித்து அடக்கிவிட்டார். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் கொட்டியது. அத்தை உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், மாம்பலத்தில் பிடிக்க வேண்டிய மின்சார ரயிலை விட்டாள். வேலையும் கிடைக்கவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் காரியம் கெட்டாலும் “உங்கப்பன் தும்மல்” என்று ஒரு வார்த்தை வந்து நின்றுவிட்டது.

இப்போதுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். சாதாரணத் தும்மல் நமக்குத் தெரிந்ததுதான். தாளிக்கும்போது மிளகாய் கருகினால் மூக்கின் உள்தோலில் எரிச்சல், முகத்தின் உணர்ச்சிகளைச் சுமக்கும் டிரைஜெமினல் நரம்பு அதை மூளையின் அடியில் இருக்கும் முகுளத்துக்குச் சொல்கிறது, நெஞ்சு மூச்சை இழுத்துக் கட்டி ஒரே வீச்சில் வெளியே தள்ளுகிறது. (அந்த நேரம் இதயம் நின்றுவிடும் என்பது சும்மா.) வெயில் தும்மலில் மூக்குக்கு வேலையே இல்லை, ஆரம்பம் கண்ணில். திடீர் வெளிச்சத்தால் கண் நரம்பில் எழும் பரபரப்பு பக்கத்து டிரைஜெமினல் பாதைக்கும் தாவிவிடுகிறது, மூளை ஏமாந்து தும்மச் சொல்கிறது என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இது உண்டாம். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீளமான ஓர் ஆங்கிலப் பெயரைச் செதுக்கி, முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘அச்சூ’ என்று வரும்படி செய்திருக்கிறார்கள். டாக்டர்களுக்கும் குறும்பு உண்டு.

இருட்டு நடையிலிருந்து வெயில் வாசலுக்கு வருகிற இடத்தில்தான் வெயில் தும்மல் வரும். வீட்டை விட்டு எல்லாரும் கிளம்புகிற இடமும் அதுதான். அப்பாவைச் சகுனத் தடையாக்கியது அந்த வீட்டின் அமைப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தும்மலை அடக்கிச் சங்கடப்பட்டவர் அப்பா மட்டும் இல்லை. திருக்குறளில் புலவி நுணுக்கம் அதிகாரத்தைப் பாருங்கள். ஊடலில் பேசாமல் இருப்பவள் ‘நீடு வாழ்க’ என்று சொல்லியாவது வாயைத் திறக்கட்டும் என்று ஒருவன் வேண்டுமென்றே தும்முகிறான் (1312). பாட்டியின் ‘நூறு’ அவ்வளவு பழையது! இன்னொரு குறளில் அவள் வாழ்த்திவிட்டு உடனே, யாரை நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள் (1317). சரி, வம்பே வேண்டாம் என்று தும்மலை அடக்கினால், உம்மவர் உம்மை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகை (1318). பாவம், அந்த மனிதன் என்னதான் செய்வான்?

திருவல்லிக்கேணி நண்பன் வீட்டில் இந்தச் சிக்கலே கிடையாது. தும்மியவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று இறைவனைப் புகழ்கிறார், கேட்டவர் ‘யர்ஹமுகல்லாஹ்’ என்று அருள் வேண்டுகிறார், அவ்வளவுதான், யாரும் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதில்லை.

அடக்குவது மட்டும் நிஜமாகவே ஆபத்து. இங்கிலாந்தின் லெஸ்டரில் 34 வயதுக்காரர் ஒருவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தும்மியதில் தொண்டையின் பின்பக்கம் கிழிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். 2018-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த செய்தி. படித்ததும் வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவின் சிவந்த கண்தான் ஞாபகம் வந்தது.

போன வாரம் அத்தைக்கு போன் செய்து நரம்பு, வெயில், பரம்பரை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப ரெண்டாவதும் தானா வந்திருக்கும்ங்கற?”

“ஆமா அத்தை, அப்பாதான் பயந்து அடக்கிட்டாரு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“பாத்தியா, அதை விட்டிருந்தான்னா எனக்கு வேலை கெடச்சிருக்கும்டா.”