சாஞ்சோவின் இன்சுலா

ஸ்பானிய மொழிக் கையேடுகளின் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு சொல்லுக்கு ஒரே இணைச்சொல், கடைசிப் பக்கம்வரை அது மாறக்கூடாது என்பது எங்கள் பிரிவின் சட்டம். அந்தப் புத்தியோடு செர்வாண்டெஸின் ‘டான் குயிக்ஸாட்’ நாவலை ஸ்பானிய மூலத்தில் படித்தால் சும்மா இருக்க முடியுமா? ‘இன்சுலா’ என்ற சொல் வந்த இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன்.

தீவுக்கு ஸ்பானியர் சாதாரணமாகச் சொல்வது ‘இஸ்லா’. இன்சுலா என்பது பழைய வீரக்கதைகளில் வரும் பகட்டுச் சொல். 1605-இல் வந்த முதல் பாகத்தின் ஏழாம் அத்தியாயத்தில், ஏதாவது ஓர் இன்சுலாவைப் பிடித்தால் அதற்கு நீதான் கவர்னர் என்று ஆசைகாட்டித்தான் உழவன் சாஞ்சோவைத் தன்னோடு கிளப்புகிறார், வீரக்கதைகளைப் படித்துப் படித்துத் தானும் ஒரு வீரர் என்று புறப்பட்ட குயிக்ஸாட். 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் மாதச் சம்பளம் கேட்கிறான். எந்த வீரக்கதையிலும் அப்படி ஒரு வழக்கத்தைப் படித்ததாக நினைவில்லை என்று எசமான் கைவிரித்துவிடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் இன்கிரிமென்ட் கேட்டால் ‘ஆன்சைட்’, அதாவது வெளிநாட்டு வேலை, என்று ஆசைகாட்டுவார்கள்.

இன்சுலா என்றால் என்னவென்று சாஞ்சோவின் மனைவி கேட்கிறாள். கழுதை வாய்க்குத் தேன் எதற்கு என்று மழுப்புகிறான். குயிக்ஸாட்டின் சகோதரி மகள் இன்னும் காட்டம்: “அது என்ன, தின்கிற பண்டமா, தீனிப்பண்டாரமே?” “தின்ன இல்லை, ஆள!” என்கிறான். இங்கே எங்கள் பிரிவின் சட்டப்படி ‘தீவு’ என்று போட்டால் காரியம் கெட்டது. தீவு தெரியாதவர் யார்? அப்படியொரு கேள்வியே எழாது. நானாயிருந்தால் ‘இன்சுலா’ என்றே விட்டுவிடுவேன்.

கடைசியில் ஒரு பிரபு வேடிக்கைக்காக அவனுக்கு ஆயிரம் குடி உள்ள ஊர் ஒன்றைக் கொடுத்து ‘பராத்தாரியா இன்சுலா’ என்கிறார். சுற்றிலும் தண்ணீரே இல்லை. சாப்பாட்டு மேசையில் பக்கத்திலேயே ஒரு வைத்தியர். அவர் திமிங்கல எலும்புக் குச்சியால் தொட்ட தட்டெல்லாம் உடம்புக்கு ஆகாது என்று திரும்பிப் போகிறது. கவர்னர் பட்டினி. ஆனால் வழக்குத் தீர்ப்பதில் மனிதன் சோடை போகவில்லை. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்யும் கிழவர், சத்தியம் செய்யும்போது மட்டும் தன் கைத்தடியைக் கடன் கொடுத்தவரிடம் பிடிக்கக் கொடுக்கிறார். சாஞ்சோ தடியை உடைக்கச் சொல்கிறான். உள்ளே பத்துப் பொற்காசு. பதவிதான் போலி, பார்த்த வேலை அசல். மேலாளர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் குயிக்ஸாட்டை விட்டுவிட்டு இந்தப் பக்கங்களைப் படிக்கலாம்.

வேலையை விடும்போது அவன் கேட்பது கழுதைக்குக் கொஞ்சம் பார்லி, தனக்குப் பாதி பாலாடைக்கட்டி, பாதி ரொட்டி. திரும்பும் வழியில் பழைய ஊர்க்காரன் ரிக்கோத்தேயைப் பார்க்கிறான். மொரிஸ்கோக்களை, அதாவது கிறிஸ்தவத்துக்கு மாறிய முஸ்லிம்களின் வழிவந்தவர்களை, ஸ்பெயினிலிருந்து துரத்தியபோது வெளியேறி, யாத்திரிகர் வேடத்தில் திரும்பி வந்திருப்பவன் அவன்.

“இன்சுலா கடலுக்குள்ளே அல்லவா இருக்கும், நிலத்தில் ஏது?” என்கிறான் ரிக்கோத்தே.

“ஏன் இல்லை? இன்று காலைதான் அங்கிருந்து கிளம்பி வருகிறேன்” என்கிறான் சாஞ்சோ.