பிரிண்டரை அணைத்தால் போய்விடும் அனுமதி

வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே நிற்க இடம் இருக்காது. பண்டல்களை இறக்கிவிட்டு எல்.ஆர். எனும் லாரி ரசீதுக்காக மேசையைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். ரசீது வராமல் சரக்கு வண்டியில் ஏறாது. கார்பன் வைத்த மூன்று தாள்; மூன்றிலும் ஒரே அடியில் எழுத்து விழ, ஊசி குத்தி அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் வேண்டும். லேசரால் அது ஆகாது.

அங்கே பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்ட புதிய கம்ப்யூட்டரை வைத்தது நான்தான். பழையதில் பிரிண்டர் பேரலல் போர்ட்டில் இருந்தது, புதியதில் யுஎஸ்பி. ரசீது புரோகிராம் நடுவில் யாரையும் வைத்துக்கொள்ளாமல் நேராக எல்பி0 என்ற டிவைஸ் ஃபைலுக்குள், அதாவது லினக்ஸில் பிரிண்டரைக் குறிக்கும் ஃபைலுக்குள், எழுதும். எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டாக நுழைந்து ஒரு தாள் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக விழுந்தது. கிளம்பிவிட்டேன்.

நான் செய்த முதல் தவறு அது. ரூட்டுக்கு எந்தக் கதவும் பூட்டு இல்லை. ரூட்டாக அடித்துப் பார்த்தால் பிரிண்டரும் கேபிளும் சரி என்று மட்டும்தான் தெரியும். தினமும் உட்கார்ந்து அடிக்கப் போகிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாது. மறுநாள் காலை புக்கிங் பார்க்கும் அண்ணன் அடித்தபோது ‘பர்மிஷன் டினைட்’ என்று வந்திருக்கிறது. ஓடிப்போய் சிமோட் 666 கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிடும் கட்டளை. அடித்தது. மத்தியானம் மறுபடியும் போன்.

இப்படி மூன்று நாள். கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். மூன்றாம் நாள்தான் அண்ணனிடம் கேட்டேன், எப்போதெல்லாம் நிற்கிறது என்று.

“சாப்பிடப் போகும்போது பிரிண்டரை ஆஃப் பண்ணிட்டுப் போவேன் தம்பி. வந்து போட்டா அடிக்க மாட்டேங்குது. நீ வந்து தொட்டா அடிக்குது.”

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் சொன்னதிலேயே காரணம் முழுதாக இருந்தது. எல்பி0 என்பது வட்டில் சேமித்து வைத்த ஃபைல் அல்ல. பிரிண்டருக்குக் கரண்ட் வந்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை உருவாக்கும், அணைத்தால் அது மறைந்துவிடும். மறுபடி போடும்போது பிறப்பது புதிய ஃபைல். அதற்கு, டிவைஸ் ஃபைல்களைக் கவனிக்கும் யுடெவ் என்ற புரோகிராம் தன் விதிப்படி உரிமையாளர் ரூட், குழு எல்பி, அனுமதி 660 என்று வைக்கிறது. ரூட்டும் அந்தக் குழுவில் இருப்பவர்களும் எழுதலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. நான் கொடுத்த 666 பழைய ஃபைலோடு போய்விட்டது.

யுடெவ் விதியையே மாற்றி 666 என்று நிரந்தரமாகத் திறந்துவிடலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ரசீதுத் தாள்களில் வரிசை எண் அச்சிட்டு வரும். எங்கிருந்தோ ஒரு வரி வந்து விழுந்து ஒரு தாள் கெட்டால், அந்த எண்ணுக்கு அண்ணன்தான் கணக்குச் சொல்ல வேண்டும். அடிக்க வேண்டியவருக்குத்தான் உரிமை போக வேண்டும். அதனால் யூசர்மாட் கட்டளையால் அவர் பெயரை எல்பி குழுவில் சேர்த்தேன். ‘-ஏஜி’ என்று கொடுக்க வேண்டும். ‘ஏ’ விட்டுப்போனால் அவர் ஏற்கெனவே இருக்கும் மற்றக் குழுக்களிலிருந்து பெயர் நீங்கிவிடும். கணக்கு ஃபோல்டர் அவருக்குத் திறப்பதும் அப்படி ஒரு குழுவால்தான்.

சேர்த்த பிறகும் அடிக்கவில்லை. ஒரு நிமிடம் கை சில்லிட்டது. அப்புறம் யார் எந்தக் குழுக்களில் என்று காட்டும் ஐடி கட்டளை கொடுத்துப் பார்த்தால் பட்டியலில் எல்பி இல்லை. யார் எந்தக் குழு என்பது லாகின் ஆகும்போது முடிவாகிறது. அவர் காலையில் நுழைந்தவர். லாக் அவுட் செய்து மறுபடி வரச் சொன்னேன். அடித்தது.

“ஆஃப் பண்ணிப் பாக்கட்டா?” என்றார்.

“பாருங்கண்ணே.”

அணைத்தார். சொம்பிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு சுவிட்சைப் போட்டார். எதிரே நின்றவருடைய ரசீது மூன்று தாளிலும் எழுத்துப் பதிந்து வந்தது. கிழித்து அவரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ராத்திரி உட்காரும் பையன் பெயரையும் இப்போதே சேர்த்துவிடச் சொன்னார்.