மலையகச் சாலைகளில் ஒரு பைக் பயணத்துக்கான திட்டம்

வரும் பிப்ரவரியில் இலங்கையின் மலையகத்தைப் பைக்கில் சுற்றிவர நானும் தம்பியும் முடிவு செய்திருக்கிறோம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், மழை ஓரளவு ஓய்ந்திருக்கும் இம்மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

கண்டியில் வாடகைக்குப் பைக் எடுத்து, கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவதுதான் முதல் நாள் பயணம். தூரம் சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலிருந்து 1,868 மீட்டருக்கு ஏற வேண்டியிருப்பதால், ஒரு முழுப் பகலை ஒதுக்கியிருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்களின் உழைப்பில் உருவான தேயிலைத் தோட்டங்களை அவசரமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

மறுநாள் வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்லவுக்கு இறங்குவோம். என்னைக் கேட்டால், ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் அதிகக் கவனம் தேவை. சென்ற ஆண்டு கொல்லிமலையில் பிரேக்கையே நம்பி இறங்கியபோது, பாதி வழியில் கருகிய வாடை அடித்தது. பின்சக்கரத்தின் அருகே கை வைத்தால் அனல் வீசியது. அன்றிலிருந்து, என்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கட்டும் என்று, எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் அங்கே போதாது. இலங்கையில் ஓட்டுவதற்கான அனுமதியையும் பெற வேண்டும். அதிவேக நெடுஞ்சாலைகளில் பைக்குகளுக்கு அனுமதி இல்லாததால், கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலிலேயே போகிறோம். ஹெல்மெட்டையும் மழைக்கோட்டையும் மட்டும் இங்கிருந்தே எடுத்துச் செல்கிறோம்.