அதுக்கு என்ன குறையாம்?

எங்க வீட்ல பேய்ப்படம் பாக்குறத பழக்கம்னு சொன்னா பத்தாது, தீவாளி பொங்கல் மாதிரி அதுக்குன்னு ஒரு முறை உண்டு. ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிட்டு பாத்திரம் எல்லாம் கழுவி கவுத்தி, கொல்லக் கதவ தாப்பா போட்டுட்டு வந்தப்புறம் தான் படம். கொல்லக் கதவு ரொம்ப முக்கியம், படம் பாதில ஓடும்போது தனியா எந்திரிச்சுப் போய் அத சாத்துற ஆள் எங்க வீட்ல கிடையாது. எல்லா லைட்டையும் அணைச்சிட்டு சாமி ரூம்ல இருக்க ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும் எரியணும். அது ஆச்சி போட்ட சட்டம்.

எனக்கு சொந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பா மைக் செட் கடை வச்சிருந்தாங்க. 90கள்ல மைக் செட்டோட சேத்து வீடியோ கேசட் ஓட்டுற டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு விடுவாங்க, அந்தக் காலத்துல வளந்தவங்களுக்கு தெரியும், கல்யாண வீடு சடங்கு வீடுன்னா ராத்திரி பூரா தெருவே உக்காந்து வரிசையா மூணு படம் பாக்கும். வாடகைக்குப் போகாம கடைல சும்மா கிடக்குற நாள்ல அப்பா அந்த டெக்க சைக்கிள் கேரியர்ல வச்சு கயிறு கட்டி வீட்டுக்கு கொண்டு வந்துருவாங்க. அப்படி ஒரு நாள் வந்தது தான் ஈவில் டெட். படம் 1981ல வந்தது, எங்க வீட்டுக்கு வந்தப்போ எனக்கு ஏழு வயசு. காப்பிக்கு காப்பி எடுத்த கேசட், திரை பூரா கோடு கோடா ஓடும், நடுவுல நடுவுல படம் பனி பெஞ்ச மாதிரி ஆயிரும், அப்பா டெக்க திறந்து ஹெட்ட ஸ்பிரிட் போட்டு துடைச்சிட்டு மறுபடி போடுவாங்க. என்னையும் தம்பியையும் தூங்க சொல்லிட்டாங்க. தூங்குனோமா என்ன, போர்வை ஓட்டை வழியா ஆளுக்கு ஒரு கண்ணு.

ஆச்சிக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. ஆனா அஞ்சு பேர் காட்டுக்குள்ள இருக்க வீட்டுக்குப் போயி, நிலவறைல கிடந்த டேப் ரெக்கார்டர எடுத்து ஓட விடுறாங்க பாருங்க, அந்த இடத்துலயே ஆச்சி புரிஞ்சிக்கிட்டாங்க. "அந்தப் பொட்டிய தொட்டிருக்கக் கூடாதுலா" அப்படின்னாங்க. படம் முடியுற வரைக்கும் அதையே தான் சொல்லிட்டு இருந்தாங்க. அதுல கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு மரத்துக்கு நடுவுல தரையோட தரையா பாஞ்சு ஓடி வர்ற மாதிரி ஒரு ஷாட் வரும். பலகைல கேமராவ கட்டி ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சிக்கிட்டு காட்டுக்குள்ள ஓடி எடுத்தாங்கன்னு ரொம்ப வருசம் கழிச்சு படிச்சேன். ஆனா அன்னைக்கு அத பாத்ததும் ஆச்சி கையெடுத்து கும்பிட்டாங்க. எனக்கு ஏன்னு உடனே புரிஞ்சுது. எங்க பக்கத்துல சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழால நடுச்சாமத்துல சாமி வேட்டைக்குப் போகும். சாமியாடுற கோமரத்தாடி தீப்பந்தத்தோட மயானத்துக்கு ஓடுவாரு, அந்த வழில யாரும் எதுக்க வரக் கூடாது, பொம்பளைங்களும் பிள்ளைங்களும் வீட்டுக்குள்ள இருக்கணும். மணிச் சத்தம் தெருவ தாண்டிப் போற வரைக்கும் ஆச்சி என் தலைய அவங்க முந்தானைக்குள்ள வச்சு அமுக்கி பிடிச்சிருப்பாங்க. அந்த ஓட்டமும் இந்த ஓட்டமும் அவங்களுக்கு ஒண்ணு தான்.

எங்க பக்கத்து சாமிங்கள்ல நிறைய பேர் அநியாயமா கொலைப்பட்டு செத்தவங்க. இசக்கி கதைய எடுத்துக்கோங்க, ஏமாத்தி கொன்னவன பழி வாங்க வந்தவ, அவளுக்கு தான் தொட்டில் கட்டி பிள்ளை வரம் கேக்குறோம். வில்லுப்பாட்டுல ராத்திரி பூரா அந்தக் கதைய கேட்டு வளந்த ஆள் ஆச்சி. அதனால எந்த பேய்ப்படம் போட்டாலும் அவங்க கேக்குற முதல் கேள்வி, "அதுக்கு என்ன குறையாம்?" பேய் எப்படி இருக்கு, யார கொல்லப் போகுதுங்கிறதெல்லாம் அப்புறம். அதுக்கு என்ன அநியாயம் நடந்துச்சு, யாரு செஞ்சா, அத சரி பண்ணிட்டா போயிருமா. குறை சொல்லப்படாத பேய் அவங்களுக்கு பேயே இல்ல. பீட்சா 2012 அக்டோபர்ல வந்துச்சு, எனக்கு கல்யாணம் ஆகுறதுக்கு முந்தி நாங்க எல்லாரும் சேந்து தியேட்டர்ல பாத்த கடைசி படம், டார்ச் லைட்ட வச்சுக்கிட்டு பங்களாக்குள்ள விஜய் சேதுபதி படுற பாட்டுல தம்பி என் கைய நகம் பதியுற அளவுக்கு பிடிச்சிருந்தான். படம் எங்களுக்கு அவ்ளோ பிடிச்சிது, ஆச்சிக்கு மட்டும் கோவம். கடைசில என்ன ஆகும்னு பாக்காதவங்களுக்காக சொல்லாம விடுறேன், ஆனா பாத்தவங்களுக்கு ஆச்சி ஏன் கோவப்பட்டாங்கன்னு புரியும்.

காஞ்சனா 2011. அந்தப் படத்துக்கு தியேட்டரே விழுந்து விழுந்து சிரிச்சிது, கோவை சரளா வந்தாலே விசில். ஆனா சரத்குமார் வர்ற கதை ஆரம்பிச்சதும் ஆச்சி அழ ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல. வீட்ட விட்டு துரத்துன ஒரு திருநங்கை, இன்னொரு பிள்ளைய வளத்து டாக்டருக்கு படிக்க வச்சு, ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்கி வச்சிருக்கா, அந்த நிலத்துக்காக கொல்லுறாங்க. "அவ கேட்டது அந்த துண்டு நிலம் தானல" அப்படின்னு தம்பிகிட்ட சொல்லி சொல்லி அழுதாங்க. அதுக்கப்புறம் வரிசையா எத்தன காமெடி பேய்ப்படம் வந்துச்சு. நிறையத்துல பேய் சும்மா மேக்கப் போட்டுட்டு வந்து நிக்கும், நாலு பேர் ஓடுவாங்க, ஒருத்தர் கட்டிலுக்கு அடில போவாரு. எனக்கு அதுங்க மேல பெரிய வருத்தமே இது தான், சிரிக்க வைக்கிறது தப்பு இல்ல, ஆனா அந்த செத்துப்போன ஆளோட கதைய பத்து நிமிசத்துல அவசர அவசரமா சொல்லி முடிச்சிருவாங்க.

அப்பா பாக்குற விதமே வேற. அவங்களுக்கு படம்னா சத்தம். "இந்தா, பாட்ட நிப்பாட்டிட்டான், இப்ப ஒண்ணுமே கேக்காது, அப்புறம் டமார்னு விடுவான் பாரு" அப்படின்னு முன்னாடியே சொல்லுவாங்க, சொன்ன மாதிரியே விழும், தெரிஞ்சும் நாங்க எல்லாரும் தூக்கி வாரிப் போட்டு கத்துவோம், அப்பாவும் சேந்து தான். கொடைக்கு பாக்ஸ் கட்டி கட்டி பழகுன ஆள், பாதி பயம் பாக்ஸ்ல இருந்து தான் வருதுன்னு சொல்லுவாங்க. நான் சின்னப் பிள்ளைல ரொம்ப பயந்து அழுத அன்னைக்கு என்ன டிவி கிட்ட கூட்டிட்டுப் போயி சத்தத்த முழுசா குறைச்சு அதே சீன திருப்பிப் போட்டு காமிச்சாங்க. சத்தம் இல்லாம பாத்தா அந்த பேய் முகத்துல மாவு அப்புன அக்கா மாதிரி இருந்துச்சு. இப்ப என் மகளுக்கும் நான் அதையே தான் செய்யுறேன்.

அம்மா படத்த பாதி தான் பாப்பாங்க. முந்தானைய மூஞ்சிக்கு நேரா பிடிச்சு ரெண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு அது வழியா. கால் விரல் எல்லாம் உள்ளுக்கு மடங்கி இருக்கும். தை மாசம்னா நடுவுல ஒரு தட்டுல அவிச்ச பனங்கெழங்கு இருக்கும், இருட்டுல ஆளுக்கு ஒண்ணு எடுத்து தோல உரிச்சு, ரெண்டா பொளந்து நடு நரம்ப உருவி, தும்ப இழுத்து இழுத்து போட்டுட்டு தின்போம். அந்த தும்பு கிழியுற சர்ரு சர்ரு சத்தம் கேட்டுட்டே இருக்கும். படத்துல மியூசிக் நின்னதும் இங்கயும் எல்லார் கையும் நின்னுரும், யாரும் சொல்லாமலே. அந்த ரெண்டு மூணு செகண்ட் அமைதி இருக்கே, எங்க வீட்ல அஞ்சு பேரும் ஒரே நேரத்துல மூச்ச பிடிச்சிட்டு இருக்க அந்த நேரம், எனக்கு அத விட பிடிச்சது ஒண்ணு இல்ல.

2009 மார்ச்ல யாவரும் நலம் வந்துச்சு. எங்க வீட்டுக்குன்னே எடுத்த படம். பதிமூணாவது மாடில 13பி நம்பர் வீட்டுக்கு ஒரு பெரிய குடும்பம் குடி வருது, மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டு பொம்பளைங்க பாக்குற சீரியல்ல இவங்க வீட்டுக் கதையே ஓடுது. அதுல ரத்தம் கொட்டுறத விட என்ன பயமுறுத்துனது சின்ன சின்ன விசயம் தான், மாதவன் தனியா ஏறுனா லிஃப்ட் நகராது, வீட்ல வாங்குற பால் திரிஞ்சு போகும். செகண்ட் ஷோ பாத்துட்டு ஆட்டோல வீட்டுக்கு வந்தோம், ஒருத்தரும் பேசல. மறுநாள் காலைல அம்மா அடுப்புல பால வச்சாங்க, பால் திரிஞ்சிருச்சு. சித்திரை வெயில் நெருங்குற நேரம், பாக்கெட் பால் ராத்திரி பூரா வெளிய இருந்துருக்கு, காரணம் அவ்ளோ தான். ஆனா அம்மா கரண்டிய அப்படியே விட்டுட்டு முன் ரூமுக்கு வந்து "அத்தே, பால் திரிஞ்சிட்டு" அப்படின்னு சொன்ன குரல் இருக்கே. ஆச்சி கொஞ்சமும் அசையாம, "சீனி போட்டு கிண்டுட்டி, பால்கோவா ஆக்கலாம்" அப்படின்னாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஒரு மணி சீரியல மட்டும் அவங்க பாக்கல.

கல்யாணம் ஆகி நான் கோயம்புத்தூர் வந்தேன், தம்பி வேலைக்கு பெங்களூர் போயிட்டான். கொஞ்ச வருசம் எல்லாம் விட்டுப்போச்சு. 2020 லாக்டவுன்ல தம்பி தான் மறுபடி ஆரம்பிச்சான். மூணு வீட்லயும் டிவில ஒரே படம், பக்கத்துல போன்ல வீடியோ கால், "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு சொல்லி மூணு பேரும் ஒரே நேரத்துல பிளே அமுக்கணும். எவ்ளோ சரியா அமுக்குனாலும் தம்பி வீட்ல ரெண்டு செகண்ட் முந்தி ஓடும். அவன் அலறல் போன்ல முதல்ல வரும், அப்புறம் தான் இங்க பேய் வரும். எல்லாத்தையும் கெடுத்துரும், அதனால எல்லாரும் நிறுத்திட்டு திரும்ப ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ஆரம்பிப்போம். ஒரு படத்துக்கு பத்து தடவையாவது நடக்கும். ஆச்சி போன கிட்ட வச்சுக்கிட்டு "எலேய், மொத நீ கத்தாத" அப்படின்னு அதட்டுவாங்க.

2021 நவம்பர்ல ஆச்சி போயிட்டாங்க. எம்பத்தி நாலு வயசு, பெரிய நோவு ஒண்ணும் இல்ல, ரெண்டு வாரம் படுக்கைல இருந்தாங்க. அதுக்கப்புறம் யாருக்கும் படம் போடத் தோணல. ஜனவரில பூதகாலம்னு ஒரு மலையாளப் படம் சோனி லிவ்ல வந்துச்சு, ரேவதி நடிச்சது, பாக்கலாமான்னு தம்பி கேட்டான், சரின்னு மூணு வீட்லயும் போட்டோம். அதுல ஆரம்பத்துலயே அந்த வீட்டு ஆச்சி செத்துருவாங்க, அம்மாவும் மகனும் மட்டும் அந்த வாடகை வீட்ல இருப்பாங்க. எங்களுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா தம்பி போட்டிருக்க மாட்டான். நடுவுல யாரும் நிறுத்த சொல்லல, யாரும் கத்தவும் இல்ல. ரொம்ப நல்ல படம், துக்கம் ஒரு வீட்டுக்குள்ள எப்படி உக்காந்திருக்கும்னு அத விட உண்மையா நான் பாத்தது இல்ல. முடிஞ்சதும் போன்ல மூணு முகமும் சும்மா இருந்துச்சு.

அம்மா தான் முதல்ல பேசுனாங்க. "உங்க ஆச்சி வர மாட்டாவ. அவியளுக்கு என்ன குறை இருக்கு, வாரதுக்கு."

கொஞ்ச நேரம் கழிச்சு தம்பி, "ஒரு குறை இருக்கும்மா" அப்படின்னான். ஆச்சி படுக்கைல இருக்கும்போது அவன்கிட்ட போன்ல கேட்டிருக்காங்க, "எலேய், அந்த வெள்ளச் சேலைக்காரி படத்த ஒரு தடவ போட்டுக் காட்டேன்" அப்படின்னு. அவங்க சொன்னது "யார் நீ" படத்த. 1966ல வந்தது, ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிச்சது, தாத்தா கூட தியேட்டருக்குப் போயி அவங்க பாத்த முதல் பேய்ப்படம். தம்பி ஞாயித்துக்கிழமை வாரேன், சேந்து பாப்போம்னு சொல்லியிருக்கான். ஆச்சி வியாழக்கிழமை போயிட்டாங்க. ரெண்டு மாசமா இத அவன் யார்கிட்டயும் சொல்லல.

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் படத்த யூடியூப்ல போட்டோம். அம்மா பாத்திரம் கழுவி கவுத்தி, கொல்லக் கதவ சாத்தி, சாமி ரூம் பல்ப மட்டும் போட்டு வச்சிருந்தாங்க, போன்ல அந்த சின்ன வெளிச்சம் தெரிஞ்சுது. தட்டுல பனங்கெழங்கு. தம்பி ஒண்ணு ரெண்டு மூணு சொன்னான், வழக்கம் போல அவன் வீட்ல முந்தி ஓடிச்சு. சுசீலாம்மா பாடுன அந்தப் பாட்டு, நானே வருவேன், முதல்ல போன்ல இருந்து கேட்டுச்சு. அப்புறம் என் வீட்டு டிவில. அதுக்கும் பின்னாடி பாளையங்கோட்டைல. நான் ரிமோட்ட எடுத்தேன், நிறுத்திட்டு மறுபடி சேத்து ஆரம்பிக்கலாம்னு.

"நிப்பாட்டாதட்டி" அப்படின்னாங்க அம்மா. "ஓடட்டும்."