தனக்கா பூசினால் முடி உதிருமா?

தனக்கா என்பது பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டை அரைப்பு. தமிழ்நாட்டில் இப்போது தனக்காப் பொடி குசும்பா எண்ணெயோடு, அதாவது குசும்பப் பூச்செடியின் விதை எண்ணெயோடு, ஜோடி சேர்ந்து விற்கிறது. இரண்டையும் குழைத்துத் தேய்த்தால் மேலுதட்டு முடி, தாடை முடி எல்லாம் வேரோடு போய்விடும், திரும்ப முளைக்காது என்று சொல்லி விற்கிறார்கள். 'அசல் பர்மா' என்ற சொல்தான் அந்த விளம்பரத்தின் பாதி பலம். ரங்கூன், மோல்மேன் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் "வரும்போது ஒரு கிலோ வாங்கிட்டு வாங்கக்கா" என்று கேட்டுவிடுகிறார்கள்.

அசல் பர்மாவில் நிலவரம் வேறு. இங்கே கைக்குழந்தை முதல் பாட்டி வரை தனக்கா பூசுகிறார்கள். பொட்டும் பூவும் வைக்கும் தமிழ் வீடுகளிலும் வெயில் நாளில் கன்னத்தில் அந்த வெளிர்மஞ்சள் வட்டம் இருக்கும். பிறந்ததிலிருந்து தினமும் பூசி வளர்ந்த பையனுக்கும் பதினாறு வயதில் மீசை முளைக்கத்தான் செய்கிறது. தனக்கா முடியை எடுக்காது. அது செய்யும் வேலை வேறு. அதை முடி எடுத்த பிறகு எப்போது பூசலாம், எப்போது பூசவே கூடாது என்பதுதான் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது.

தனக்கா என்பது ஏதோ அபூர்வ மூலிகை இல்லை. ஊரில் பல சிவன் கோயில்களில் மகாவில்வம் என்று வளர்க்கிறோமே, அந்த மரம்தான். இங்கே மேல் பர்மாவின் வறண்ட நிலத்தில் வளர்வதற்கு மதிப்பு அதிகம். ஷ்வேபோ கட்டை, ஷின்மத்தாவுங் கட்டை என்று ஊர்ப் பெயர் சொல்லியே விற்பார்கள். ரங்கூனில் தெய்ன்ஜி சந்தையில் சாண் நீளத் துண்டுகளாக அடுக்கி வைத்திருப்பார்கள். அரைப்பது பட்டையை, உள்ளே இருக்கும் மரத்தை அல்ல. அதனால் கட்டை பருமனாக இருப்பதைவிட, பட்டை தடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் சுரண்டினால் லேசாகச் சந்தன வாசம் போல வரவேண்டும்.

அரைக்கும் கல் நம் சந்தனக் கல்லின் அக்காள். வட்டமாக, ஓரத்தில் சுற்றிலும் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். அரை தேக்கரண்டி தண்ணீர் விட்டு, கட்டையைப் படுக்கவைத்து வட்டமாக இரண்டு நிமிடம் தேய்த்தால் ஒரு முகத்துக்குப் போதும். தண்ணீர் அதிகமானால் வாய்க்காலில் வழிந்து நீர்த்துவிடும். அதை வீணாக்க வேண்டாம், கை காலுக்குப் பூசலாம். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். தடித்துப் பூசினால் காயும்போது வெடித்துச் செதிலாக உதிரும், தோலும் இழுபடும்.

பூசியதும் குளிர்ச்சி தெரியும், எண்ணெய் வழிவது குறையும். பட்டையில் இருக்கும் மார்மெசின் என்ற பொருள் புற ஊதாக் கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும். அந்தக் கொஞ்சத்தை நம்பி ஏப்ரல் வெயிலில் திங்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்குப் போகக் கூடாது, எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீனை முதலில் பூசி, கால் மணி நேரம் கழித்து அதன்மேல் தனக்காவைத் தடவுங்கள். பூசும்போது அடியில் இருப்பதைத் தேய்த்து எடுத்துவிடாமல் ஒற்றி ஒற்றிப் பூச வேண்டும்.

அப்படியானால் முடி போகிறது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? காய்ந்த பூச்சைத் தண்ணீர் தொடாமல் விரலால் தேய்த்து உருட்டி எடுத்தால், அதில் ஒட்டிய பூனைமுடி சிலது அறுந்து வரும். பச்சைப் பிள்ளைக்குக் கடலைமாவு உருட்டித் தேய்க்கும்போது வருவதும் இதேதான். இழுத்தது உராய்வு, மூலிகை அல்ல. மாவுப் பிசினும் அதே வேலையைச் செய்யும்.

குசும்பா எண்ணெய் கதை இன்னும் வேடிக்கை. குசும்பப் பூவின் சாற்றை எலிகளுக்குப் பூசிப் பார்த்து, முடி வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று 2014-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். பூச்சாறு வேறு, விதை எண்ணெய் வேறு என்பதால் எண்ணெய் பூசினால் முடி கூடும் என்று நான் சொல்லவரவில்லை. முடி போகும் என்று சொல்பவர்கள் கையில் அந்த அளவுக்குக்கூடச் சான்று இல்லை என்கிறேன்.

"மூணு மாசம் தேய்ச்சேன், குறைஞ்சிருக்கு" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பொட்டலங்களின் செய்முறையைப் படியுங்கள்: முதலில் வாக்ஸ் செய், பிறகு தேய் என்றுதான் இருக்கும். ஒவ்வொரு முடிக்கும் வளரும் பருவம், சுருங்கும் பருவம், உறங்கும் பருவம் என்று மூன்று உண்டு. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. இன்று பிடுங்கியது போக, உறங்கிக் கிடந்தவை அடுத்த சில வாரங்களில் தலைகாட்டும். 4 முதல் 6 வார இடைவெளியில் ஒழுங்காகப் பிடுங்கிக்கொண்டே வந்தால் ஒரே நேரத்தில் வெளியே தெரியும் முடி குறைவாக இருக்கும். வேலை செய்தது வாக்ஸ், பெயர் வாங்கியது பொடி.

மஞ்சளும் அப்படித்தான். மஞ்சள் பூசிக் குளித்தால் தோல் மினுங்கும், மஞ்சள் நிறச் சாயலில் பூனைமுடி கண்ணுக்கு மறையும். வேர்க்காலை அழிக்கும் பலம் அதற்கு இல்லை. எலுமிச்சைச் சாறு கலந்து பூசுவதை மட்டும் விட்டுவிடுங்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும், பிறகு மாதக்கணக்கில் கருப்பாக நிற்கும்.

எலுமிச்சையின் இடம் அடுப்பில். ரங்கூனில் மின்சாரம் வரும் நேரம் போகும் நேரம் யாருக்கும் தெரியாது; சூடேற்றும் வாக்ஸ் இயந்திரமும் சார்ஜ் போட்டு முடி பிடுங்கும் எபிலேட்டர் கருவியும் பாதி வேலையில் கைவிட்டுவிடும். கரியடுப்பிலேயே முடிந்துவிடும் சீனிப் பாகு வாக்ஸ்தான் இங்கே வீட்டுக்கு ஏற்றது.

கால் வீசை சீனி. வீசைக் கணக்கு மறந்தவர்களுக்கு: பர்மாவில் ஒரு வீசை சுமார் 1.63 கிலோ, ஆகவே கால் வீசை 400 கிராம் சொச்சம். எலுமிச்சைச் சாறு 60 மி.லி., தண்ணீர் 60 மி.லி. அடி கனத்த பாத்திரத்தில் மூன்றையும் போட்டு மிதமான தீயில் சீனி கரையும் வரை மட்டும் கிளறுங்கள். கரைந்த பிறகு கரண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். கிளறிக்கொண்டே இருந்தால், ஓரத்தில் ஒட்டிய சீனிக் குருணை உள்ளே விழுந்து பாகு முழுவதும் குருணை கட்டிப் பூத்துவிடும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதும் இதற்காகத்தான்: புளிப்பு சீனியைக் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைக்கும், உடைந்த சீனி எளிதில் கட்டிபடாது.

தீயைக் குறைத்தால் 15 முதல் 20 நிமிடத்தில் நுரை சிறுத்து, நிறம் வெளிர்மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு வரும். வெப்பமானி இருந்தால் 120 டிகிரி செல்சியஸ். இல்லாவிட்டால் அதிரசப் பாகு பார்ப்பதைப் போலவே பாருங்கள்: கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினால் உருண்டை சேரவேண்டும், அழுத்தினால் நசுங்கவேண்டும். அதிரசத்துக்கு எடுப்பதைவிட ஒரு நிமிடம் தள்ளி இறக்குவது இங்கத்திய வெக்கைக்கு நல்லது. மார்கழிக் குளிரில் சரியாக வந்த அதே பதம், சித்திரையில் கையில் ஒழுகும்.

பனைவெல்லம் மலிவாகக் கிடைக்கிறதே, அதில் செய்தால் என்ன என்ற யோசனை வரும். வேண்டாம். வெல்லத்தில் அழுக்கும் ஏற்கனவே உடைந்த சீனியும் இருப்பதால் பதம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். சீக்கிரம் கருகும், கையில் பிசுபிசுக்கும். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு வேலையைச் சீனியில் பாருங்கள்.

இறக்கிய பாகு எண்ணெயைவிட மோசமாகச் சுடும், தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். சிறுபிள்ளைகள் எட்டாத இடத்தில் அரை மணி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். முடி ஒரு அரிசி நீளம், அதாவது 5, 6 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் பிடி கிடைக்காது, நீளமாக இருந்தால் வலி கூடும்.

எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து, நிறம் வெளுத்துப் பளபளப்பு வரும் வரை விரலால் இழுத்துப் பிசையுங்கள். தோல் காய்ந்திருக்க வேண்டும். உலர்ந்த தனக்காப் பொடியை லேசாகத் தூவித் தட்டிவிடலாம். வேர்வையை உறிஞ்சுவதில் டால்கம் பவுடருக்கு அது சளைத்ததல்ல. பொட்டலம் வாங்கி வைத்துவிட்டவர்களுக்கு இது ஒரு நல்ல உபயோகம். உருண்டையை முடி வளரும் திசைக்கு எதிராக மெல்லிசாக இழுத்துத் தேய்த்து, வளரும் திசையிலேயே வெடுக்கென்று சுண்டி எடுக்க வேண்டும். துணிப்பட்டை வைத்து எடுக்கும் இளகிய வாக்ஸுக்கு இதற்கு நேர்மாறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முடி பாதியில் அறுந்து, பிறகு தோலுக்குள் சுருண்டு பருவாகிறது. இன்னொரு கை தோலை இறுக்கிப் பிடித்திருக்கட்டும். மேல் நோக்கி இழுக்காதீர்கள். தோலோடு ஒட்டிய மாதிரி பக்கவாட்டில் சுண்டுங்கள். மேல் நோக்கி இழுத்தால் கன்றிப்போகும்.

பாகு தோலில் அப்பிக்கொண்டு வர மறுக்கிறதா? பெரும்பாலும் வேர்வை, அல்லது பதம் இளசு. அதன்மேல் மறுபடி மறுபடி தேய்க்காமல் வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுங்கள், சீனிதானே, கரைந்துவிடும். மீதிப் பாகை இரண்டு நிமிடம் கூடக் காய்ச்சினால் சரியாகும். கல்லாகிவிட்டால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு இளக்குங்கள். பூத்துவிட்டால் தண்ணீரும் சில சொட்டு எலுமிச்சையும் சேர்த்து முதலிலிருந்து காய்ச்ச வேண்டியதுதான். மழைக்காலத்தில் பாகு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இளகிவிடும். இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள்.

சுருள் நரம்பு, மச்சம், வெயிலில் கன்றிய தோல், இவற்றின்மேல் வாக்ஸ் கூடாது. பருவுக்கு ட்ரெட்டினாயின் களிம்பு பூசுபவர்கள் முகத்தில் வாக்ஸ் தொடவே கூடாது, மேல்தோல் உரிந்து வந்துவிடும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறுத்தி ஆறு மாதம் பொறுக்கவேண்டும்.

முகத்துக்கு நூல் போதும். 60 செ.மீ. பருத்தி நூலை முடிச்சிட்டு வளையமாக்கி, நடுவில் பத்து முறுக்கு கொடுத்து, ஒரு கையை விரித்தால் முறுக்கு மறுபக்கம் ஓடவேண்டும். மேலுதட்டுக்கு நாக்கால் உள்ளிருந்து முட்டுக் கொடுத்தால் தோல் இறுகும். நூல் தோலை வெட்டினால் பெரும்பாலும் தோல் இறுக்கமாக இல்லை என்று அர்த்தம்.

ரேசர் பற்றிய பயம் வீண். மழித்தால் தடித்து வளரும் என்பது தவறு என்று 1928-லேயே அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் அளந்து காட்டிவிட்டார். நுனி கூர்மையாக இருந்த முடி மட்டமாக வெட்டுப்பட்டதால் சொரசொரக்கிறது, அவ்வளவுதான். முடி நீக்கும் க்ரீம் வகைகளில் இருக்கும் தயோகிளைக்கோலேட் முடியின் கெரட்டினைக் கரைக்கிறது. தோலிலும் கெரட்டின்தான் இருக்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். ஒரு நாள் முன்னதாகக் கையில் சிறிது பூசிப் பாருங்கள்.

இனி தனக்காவுக்கு வருவோம். முடி பிடுங்கியதும் குளிர்ச்சிக்கு என்று கல்லில் அரைத்துப் பூசுகிறார்கள். அன்று வேண்டாம். வேர்க்குழிகள் திறந்திருக்கின்றன, கல்லின் வாய்க்காலில் நேற்றைய ஈரம் இருக்கும், தண்ணீர் காய்ச்சாத தண்ணீர். மறுநாள் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள் கிளம்புவது பலநேரம் இதனால்தான். முதல் நாள் குளிர்ந்த துணி ஒத்தடம், வாசமில்லாத லேசான மாய்ஸ்சரைசர், தளர்ந்த பருத்தி லோஞ்சி (லுங்கி). வெயிலும் வேர்க்கும் வேலையும் தவிர்க்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து, கழுவி வெயிலில் காயவைத்த கல்லில், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் விட்டு அரைத்துத் தயங்காமல் பூசுங்கள்.

நம் மாதிரி மாநிறத் தோலில் எந்தப் பருவும் ஆறிய இடத்தில் கருந்தழும்பை விட்டுப்போகும். அதைக் கிள்ளாமல் விட்டு, சன்ஸ்க்ரீன் போட்டுவந்தால் சில மாதங்களில் மங்கும். அவசரப்பட்டுச் சந்தையில் பெயர் தெரியாத வெளுக்கும் க்ரீம் வாங்குவதுதான் ஆபத்து. பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்தவை நிறைய உலவுகின்றன. ஒரே வாரத்தில் வெளுக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு பூசினால் முகத்தில் முடி கூடுதலாக முளைக்கலாம் என்பது கூடுதல் கொடுமை.

தாடையில், கழுத்தில் திடீரென்று தடித்த முடி வந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால் வாக்ஸுக்கு முன் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். சினைப்பை நீர்க்கட்டி காரணமாக இருக்கலாம்; அதைக் கவனிக்காமல் பிடுங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. நிரந்தரமாகக் குறைய வேண்டும் என்றால் வழி லேசர். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்.டி. யாக் என்ற லேசர் வகையைக் கேட்டு வாங்குங்கள், ஒளி பாய்ச்சி முடி எடுக்கும் வீட்டு ஐ.பி.எல். கருவிகள் கருநிறத் தோலைச் சுட்டுவிடலாம். ஆறேழு தடவை போகவேண்டி வரும். லேசருக்கு நான்கு வாரம் முன்பிருந்து வாக்ஸும் நூலும் நிறுத்தி, ரேசர் மட்டும் போடுங்கள், ஏனென்றால் ஒளி பிடித்துச் செல்ல வேர் உள்ளே இருக்கவேண்டும். போகிற அன்று காலையில் தனக்காவை ஒரு பொட்டு விடாமல் கழுவிவிட்டுப் போங்கள்.