கடலுக்குப் போன முதலைகளின் உட்காது

ஜுராசிக் காலத்தில் கடலுக்குள் இறங்கிய முதலை உறவினங்களைத் தலட்டோசூக்கியா என்பார்கள். அவற்றில் மெட்ரியோரிங்கிடுகள் முழுக் கடல்வாசிகள். கால்கள் துடுப்பாகி, வால் நுனியில் மீனுக்கு இருப்பதுபோல் வால்துடுப்பும் முளைத்தவை.

சமநிலைக்குப் பொறுப்பு உட்காதின் மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை திரும்பினால் உள்ளேயிருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கி உணர்மயிர்களை வளைக்கும். நிலத்தில் ஓடிய உறவினங்களில் இக்குழாய்கள் மெலிந்து உயர்ந்து வளைந்திருக்கும். மெட்ரியோரிங்கிடுகளிலோ தடித்துக் குட்டையாகிவிட்டன.

2020இல் வெளியான சிடி ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டிய வரிசைதான் சுவாரசியம்: முதலில் எலும்புக்கூடு மாறியது, காது பின்னால்தான் மாறியது. அதாவது, பாதி நீர்வாழ்வில் நெடுங்காலம் கழிந்திருக்கிறது. திமிங்கலங்களிலோ இதற்கு மாறாகக் குழாய்கள் வெகு சீக்கிரமே சுருங்கிவிட்டன.

அளக்கும்போது கவனம் வேண்டும். ஸ்கேனில், உட்காது இருந்த எலும்புக் குழியை ஒவ்வொரு வெட்டாக வரைந்து எடுக்கிறார்கள். குழிக்குள் பைரைட் என்ற இரும்புக் கனிமம் படிந்திருந்தால் எக்ஸ்ரே சிதறி விளிம்பு மங்கும். மண்டையோடு நசுங்கியிருந்தால் வளைவின் உயரமே பொய்யாகும். இன்னொன்று, கிடைப்பது எலும்புக் குழியின் அளவு மட்டுமே. உள்ளே இருந்த சவ்வுக்குழாய் அதைவிட மெல்லியது. அதனால் தடிமனை வைத்து உணர்திறனைக் கணக்கிடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.